மேஜர் இறக்காத கை

1976 மார்ச்சில், பிரிக்பீல்ட்ஸில், மேஜர் ராதாகிருஷ்ணன் அடித்த சல்யூட் பதினோரு ஆண்டுகள் இறங்கவில்லை. கண்ணிவெடியில் இறந்த கார்ப்பரல் கன்னையாவின் படத்துக்கு, அவன் மனைவி வீரம்மாவின் வீட்டில் அடித்தது அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். பிறகு காப்பி வந்தது. மேஜர் இடது கையால் குடித்துவிட்டு, வலது கையைத் தூக்கியபடியே ஜீப்பில் ஏறிப் போனார்.

வீரம்மாவுக்குக் காரணம் தெரியும். கட்டளையை மீறிப் பாதை மாறிப் போனதால்தான் கன்னையா செத்தான் என்று மேஜர் அறிக்கை எழுதியிருந்தார். அதனால் முகாமில் உயிர்நீத்த வீரர்களின் பெயர்ப் பலகையில் அவன் பெயர் ஏறவில்லை. அந்தப் பாதையில் போக மறுத்தவனைக் கோழை என்று திட்டி அனுப்பியவரே மேஜர்தான் என்று, கூடப்போன சிப்பாய் அவளிடம் சொல்லியிருந்தான். விசாரணையில் மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. சுங்கை வே தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அவள் மனுமேல் மனு போட்டாள்.

அநியாயம் அதோடு நிற்கவில்லை. இறந்த சிப்பாய்க்காகக் கையை இறக்காத அதிகாரி என்று பத்திரிகை எழுதியது. புதிதாகச் சேர்ந்தவர்கள் மேஜரின் படத்தைத் தங்கள் அலமாரியில் ஒட்டிக்கொண்டார்கள். செராஸ் வட்டாரத் தையல்காரர் அவர் சட்டைக்கு அக்குளில் கூடுதல் துணி வைத்தே தைத்தார். தண்டனையைக்கூடப் பதக்கமாகக் குத்திக்கொண்டானே பாவி என்று வீரம்மா வாய்விட்டுத் திட்டினாள்.

1987இல் முகாமில் மேஜருக்குப் பாராட்டு விழா வைத்து, மாலை போட அவளையே அழைத்தார்கள். போனாள். இருநூறு சிப்பாய்கள் வெயிலில் நின்றார்கள். மாலையை மேசைமேல் வைத்துவிட்டு, மைக்கை அவர் வாய்க்கு நேராகத் திருப்பினாள்.

“மாலை அப்புறம் போடலாம் சார். என் வீட்டுக்காரரு தானா போனாரா, நீங்க அனுப்பினீங்களா? இந்தப் பிள்ளைங்க கேக்கட்டும்.”

“நான்தான் அனுப்பினேன்,” என்றார் மேஜர் கடைசியில். “வெடி இருக்குன்னு சொன்னான். நான் கேக்கல.”

கை பொத்தென்று விழுந்தது.

முன்வரிசைச் சிப்பாய் ஒருவன் கண்கலங்கி, “நாங்க இவரப் பாத்துதான் சேந்தோம் ஆன்டி,” என்றான்.

“வெடி இருக்குன்னு சொன்னவரு பேரு கன்னையா. மொதல்ல அத பலகையில எழுதச் சொல்லு.”

எழுதி முடிக்கும்வரை அவள் நகரவில்லை. பெயிண்ட் காய்வதற்குள் இருநூறு பேரும் பலகைக்குச் சல்யூட் அடித்தார்கள். மேஜரும் அடிக்கப் பார்த்தார். அவர் கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. அதன் பிறகு எந்தக் கொடிக்கும் எழும்பவில்லை, யாரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை. கோபம் ஆறாமலே வீரம்மா பஸ் பிடித்து மாலை ஷிப்டுக்குப் போனாள்.