பாதிக் கார்

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் புளி, அப்பளம், காப்பிப்பொடி விற்கிற கடை எங்களுடையது. அப்பா போன பிறகு கல்லாவில் என் அண்ணன் மூக்கையா உட்கார்ந்தான். மூத்தவன் கல்லாவில் உட்கார்ந்தால் இளையவனுக்கு மிஞ்சுவது மிளகாய் மூட்டைக்கும் எலிப்பொறிக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். இருபத்திரண்டு வயதில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தும்மிக்கொண்டே, மோட்டார் மெக்கானிக் ஆகப்போகிறேன் என்று ஒரு நாள் அறிவித்தேன். தொண்ணூற்றெட்டு, மார்ச் மாதம்.

அண்ணன் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏலே ஜெகன், துர்கா பூசைக்குள்ள வேலைன்னு ஒண்ணு வாங்கிட்டேன்னா சரி. இல்லேன்னா பேசாம இங்கனயே உக்காந்து புளிக்குக் கொட்டை எடு. ஆயுசுக்கும் எடு."

ஆயுசுக்கும் புளிக்கொட்டை. விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவன்.

எங்களிடம் காப்பிப்பொடி வாங்குகிற பத்மநாபன் சார் மெக்கானிக் பயிற்சிக் கூடம் ஒன்று நடத்திவந்தார். துறைமுக ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்து, வந்த டயர் எத்தனை, போன டயர் எத்தனை என்று ரிஜிஸ்டரில் எழுதி ரிட்டையர் ஆனவர். டயரை அவர் உருட்டியதில்லை, எண்ணினார். அந்த அனுபவத்தை வைத்து ராஷ்பிஹாரி அவென்யூவுக்குப் பின்னால் ஒரு கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்து, 'பாரத் மோட்டார் மெக்கானிக் டிரெயினிங் சென்டர்' என்று போர்டு மாட்டியிருந்தார். ஷெட்டைவிட போர்டு பெரியது.

உள்ளே ஒரு மேஜைமேல் பழைய அம்பாசிடர் எஞ்சினைக் குறுக்காக அறுத்து வைத்திருந்தது. சூடான பாகம் சிவப்பு, குளிர்ந்த பாகம் நீலம், எண்ணெய் ஓடுகிற இடம் மஞ்சள் என்று பெயிண்ட் அடித்து, கோயில் வாகனம் மாதிரி பளபளவென்றிருந்தது. தொடக் கூடாது. தொட்டால் பெயிண்ட் போய்விடும். ஸ்பானர்களெல்லாம் கண்ணாடி பீரோவுக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். பீரோ சாவி அவர் வீட்டு மாமியிடம். கல்கத்தாவில் விஸ்வகர்மா பூஜையன்று மட்டும் எந்த மெக்கானிக்கும் ஆயுதத்தைத் தொட மாட்டான். பத்மநாபன் சாரிடம் வருஷம் முழுக்க விஸ்வகர்மா பூஜைதான்.

வெள்ளை அரைக்கை சட்டையும் கையில் வெள்ளைக் கைக்குட்டையுமாக என்னை வரவேற்றார்.

"கோர்ஸ் ஒன் இயர் தம்பி. ரெண்டு பார்ட். மொத பார்ட் எஞ்சின். ரெண்டாவது பார்ட் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக், சக்கரம் வரைக்கும்."

"ஒரு வருஷம் கட்டாது சார். பூஜைக்குள்ள முடிச்சுக் குடுங்க."

"அதெப்படி? உங்க கடை வெந்தயமா இது, அரைக்கிலோ போதும்னு சொல்றதுக்கு?"

"ஏன் சார், சர்டிபிகேட்ல ரெண்டு பார்ட்டையும் தனித்தனியாவா எழுதுவீங்க?"

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "இல்லையே. மோட்டார் மெக்கானிக்னு மொத்தமாத்தான் போடுவேன்."

"அப்ப ரெண்டாம் பார்ட்டை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு எஞ்சின் போதும். சர்டிபிகேட் மட்டும் முழுசாக் குடுங்க."

"அது தர்மமில்லை."

எழுந்தேன். வாசல்வரை போய் ஒரு செருப்பை மட்டும் மாட்டினேன். இரண்டாவது செருப்புக்குள் கால் நுழைவதற்குள் விற்கிறவன் கூப்பிட்டுவிடுவான். கூப்பிடாவிட்டால் அந்த விலை நிஜமாகவே கட்டாது என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து இந்த ஒரு சாஸ்திரம்தான் எனக்கு ஒழுங்காகத் தெரியும்.

"தம்பி, தம்பி. வெளில சொல்லிடாதீங்கோ."

அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன். முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "பாதிச் சரக்குக்கு முழு ரசீதா? பரவால்லலே, ரத்தம் பேசுது."

ஆறு மாதம் எழுதினேன். மெக்கானிக் வேலையை எழுதித்தான் கற்றோம். அவர் சொல்லச் சொல்ல நானும் எட்டு வங்காளிப் பையன்களும் கோடு போட்ட நோட்டில், தலைப்பை அடிக்கோடிட்டு, அழகாக எழுதினோம். "எஞ்சினுக்கு அடியில் ஒரு போல்ட் உள்ளது. நிறம் மஞ்சள். அதைக் கழற்றினால் பழைய ஆயில் வடியும்." பிரம்பால் தூரத்தில் நின்று காட்டுவார். நாங்கள் தூரத்தில் நின்று பார்ப்போம். எண்ணெய் படாத மெக்கானிக்குகளை உற்பத்தி செய்த இடம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். எட்டுப் பேரும் புத்திகெட்டுப்போய் ஒரு வருஷம் படிக்கிறார்களே என்று ஏளனமாகப் பார்த்துக்கொண்டு, செப்டம்பரில் முழு சர்டிபிகேட்டுடன் வெளியே வந்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி தங்க பார்டர் போட்டிருந்தது.

அலிப்பூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஒர்க்ஷாப். அங்கே டிரெயினி மெக்கானிக் ஒருவன் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள். தகரக் கூரையில், முந்தின நாள் பூஜைக்கு விட்டு அறுந்த பட்டம் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. வாடிய சாமந்தி மாலை ஜாக்கிமேல் இன்னும் கிடந்தது. துர்கா பூஜைக்குச் சரியாக ஒன்பது நாள்.

ஃபோர்மன் பெயர் நிமாய்; எல்லோருக்கும் நிமாய்தா, அதாவது நிமாய் அண்ணன். சட்டை எந்தக் கலரில் வாங்கப்பட்டது என்று அவருக்கே மறந்துபோயிருக்கும். என் சர்டிபிகேட்டை இரண்டு விரலால் வாங்கி, தங்க பார்டரின்மேல் தன் கட்டைவிரல் ரேகையை அழுத்தமாகப் பதித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு வெள்ளை அம்பாசிடரைக் காட்டி வங்காளத்தில் சொன்னார்.

"ஜட்ஜ் சாயேபோட வண்டி. எஞ்சின் ஆயில் மாத்து. அரை மணி நேரம். சரியாச் செஞ்சா நாளைலேர்ந்து வேலை."

இவ்வளவுதானா என்றிருந்தது. பரீட்சை வைக்கக்கூடத் தெரியாத ஜனங்கள். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஸ்பானரும் ஆயில் தட்டும் எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன்.

அடியில் மஞ்சள் இல்லை. சிவப்பு, நீலம் எதுவும் இல்லை. அம்பாசிடரின் வயிறு முழுக்க ஒரே கறுப்பு, இருபது வருஷத்துச் சேறும் எண்ணெயும் சேர்ந்த கறுப்பு. அதில் ஒன்றுக்கு இரண்டு போல்ட். ஒன்று முன்னால், ஒன்று கொஞ்சம் பின்னால். நான் படித்த பாதியில் ஒரே போல்ட்தான்.

யோசித்தேன். கடையில் ஒரே மாதிரி இரண்டு சரக்கு இருந்தால் முன்னால் வைப்பது கண்காட்சிக்கு, விஷயமுள்ளது பின்னால் இருக்கும். பின் போல்ட்டைத் திருகினேன்.

எண்ணெய் வந்தது. அழுக்கே இல்லாமல், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் மாதிரி கெட்டியாக, நிதானமாக. நல்லெண்ணெயில் கலப்படம் இருந்தால் பத்து முழத் தூரத்திலிருந்து மோந்து சொல்கிற மூக்கு என்னுடையது. அந்த மூக்கு அன்று என்ன சொன்னது தெரியுமா? ஜட்ஜ் வண்டி, நல்லா வச்சிருக்கான் என்றது. போல்ட்டை இறுக்கி, வெளியே வந்து, எஞ்சின் மூடியைத் திறந்து புது ஆயிலை ஒரு டப்பா முழுக்க ஊற்றினேன். இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

நிமாய்தா வந்து அளவுக்கம்பியை உருவினார். துடைத்தார். மறுபடி விட்டு உருவினார். கம்பியின் கழுத்துவரை எண்ணெய். குனிந்து தட்டில் வடிந்ததை ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, மோந்து பார்த்தார். முகத்தில் ஒரு ஆனந்தம் மெதுவாகப் பரவியது.

"ஓய், எல்லாரும் இங்க வாங்கடா!"

ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேர் வாயிலும் பான்.

"இந்த மதராஸி பாபு எஞ்சின் ஆயில் மாத்தியிருக்கார். கியர்பாக்ஸைக் காலி பண்ணிட்டு எஞ்சினுக்கு ரெண்டு ஆள் சாப்பாடு போட்டிருக்கார். ஜட்ஜ் சாயேப் இப்படியே ஏறிப் போனா பாலம் தாண்டறதுக்குள்ள கியரெல்லாம் பொடி." என் பக்கம் திரும்பினார். "கியர்பாக்ஸ் போல்ட் எதுன்னுகூட உனக்குச் சொல்லித்தரலையா?"

"கியர்பாக்ஸ் என் பாடத்துல இல்ல, தாதா."

"மோட்டார் மெக்கானிக்குனு போட்டிருக்கே. எப்படி இல்லாமப் போகும்?"

"பேரம் பேசிக் கழிச்சுட்டேன்" என்றேன்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் கூரையில் மாட்டியிருந்த பட்டம் கீழே விழுந்தது. அதில் ஒருவன், "அந்தப் பாதியை எவ்வளவுக்கு வித்தே?" என்று கேட்டுவிட்டு, பான் எச்சிலைத் துப்பப் போகிற வழியில் மறுபடி சிரிக்க ஆரம்பித்து என் சட்டைக்குப் பக்கத்தில் துப்பினான்.

நிமாய்தா என்னை விடவில்லை. மறுபடி அடியில் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் படுத்து, எஞ்சினை வடிக்கவைத்து, கியர்பாக்ஸை நிரப்பவைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் என் விரலைப் பிடித்துத் தொடவைத்தார். கை முழங்கைவரை கறுத்தது. அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டது ஆறு மாத நோட்டில் இல்லை. எழுந்து வந்ததும் சொன்னார்:

"டிரெயினி வேலை உனக்குக் கிடையாது. வேணும்னா நாளைலேர்ந்து வா. ஒரு வருஷம் வண்டி கழுவு, ஆயில் தட்டைத் தூக்கு. எது என்னன்னு கைக்குத் தெரிஞ்சப்புறம் ஸ்பானர் தரேன்."

வண்டி கழுவுவதா! மூட்டைக்கு நடுவில் என்றாலும் எனக்கென்று கடையில் ஒரு ஸ்டூலாவது இருந்தது.

"ஆறு மாசம்னு வச்சுக்கலாமே தாதா?"

"ஒரு வருஷம்."

"எட்டு மாசம். அதுக்கு மேல கட்டாது."

அவர் பீடி பற்றவைத்தார். நான் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினேன். சத்தமில்லை. இரண்டாவதையும் மாட்டினேன். குனிந்து வாரை அவிழ்த்து மறுபடி போட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் வேறு ஒரு காரின் அடியில் இருந்தார், கால் இரண்டு மட்டும் தெரிந்தது. நிறுத்தத்தில் இரண்டு மினிபஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். யாரும் கூப்பிட வரவில்லை. வியாபாரம் தெரியாத மனுஷன்.

கறுத்த கையைக் கழுவாமல் நேராகப் பத்மநாபன் சாரிடம் போனேன், சண்டை போட. ஏழு பேருக்கு முன்னால் பட்ட அவமானத்தை ஒன்றுவிடாமல் சொல்லி, "உங்க சர்டிபிகேட்டை நம்பிப் போனேன் பாருங்க" என்று மேஜையில் தட்டினேன். அவர் சர்டிபிகேட்டைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தார்.

"நெஜமாவே காருக்கு அடில படுத்தீங்களா?"

"படுத்தேன்."

"கியர்பாக்ஸை... நீங்களே தொட்டீங்களா? கையாலயா?"

விரித்துக் காட்டினேன். பிரசாதத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, பசங்க பிராக்டிகல் எங்கேன்னு தொளைக்கறா. எனக்கும் வயசாறது. பிராக்டிகல் இன்ஸ்ட்ரக்டரா இருந்துடுங்களேன்? ரெண்டாவது பார்ட்டை நீங்க எடுங்கோ."

முப்பது வருஷம் டயர் எண்ணியவருக்கு, ஒரு மணி நேரம் காருக்கு அடியில் மல்லாந்தவன் நிபுணன். என்ன ஜென்மமோ என்று மனதுக்குள் துப்பினேன். துப்பிவிட்டு, வாசலுக்குப் போய் ஒரு செருப்பை எடுத்தேன். கால் நுழையவே இல்லை.

"தம்பி! சீஃப் இன்ஸ்ட்ரக்டர்னு போட்டுடறேன்."

அண்ணனிடம் சொன்னபோது மஹாலயா கழிந்து இரண்டு நாள், துர்கா பூஜைக்கு இன்னும் ஐந்து.

"வாத்தியாரா? நீயா? எதுக்குலே?"

"கியர்பாக்ஸுக்கு."

"அது நீ கழிச்சுவிட்ட பாதிலல்லா இருக்கு?"

"சர்டிபிகேட் முழுசு" என்றேன்.

தராசைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். அன்றே என் ஸ்டூலில் ஒரு பெருங்காய டின்னைத் தூக்கி வைத்தான்.

பூஜை விடுமுறை முடிந்து முதல் வகுப்புக்கு முன்பாக, பழைய இரும்புக் கடையில் ஒரு போல்ட் வாங்கிவந்து, அறுத்த எஞ்சினுக்குப் பின்னால் மேஜைப் பலகையில் பசை போட்டு ஒட்டினேன். பச்சைப் பெயிண்ட் அடித்தேன். என்னிடமும் இப்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருந்தது.

"இரண்டு போல்ட்" என்று பிரம்பால் காட்டினேன், தூரத்தில் நின்று. "மஞ்சள், எஞ்சின். பச்சை, கியர்பாக்ஸ். ஆயில் மாற்றும்போது பச்சையைத் தொடக் கூடாது."

எட்டுப் பேரும் எழுதினார்கள். கண்ணாடி போட்ட ஒருவன் மட்டும் பேனாவை வைத்துவிட்டு எழுந்தான்.

"ஸ்யார், நெஜக் கார்லயும் அது பச்சையாத்தான் இருக்குமா?"

அறிவுள்ள பையன். இவனை வளரவிட்டால் ஷெட் தாங்காது. கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

"பச்சைதான். அடிக்கோடு போட்டு எழுதிக்கோ."