அலமாரிக்குப் பின்னால் ஒரு கை

மூன்று வருஷமாக எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்குப் பிடிவாதம் அதிகம். அலமாரிக்குப் பின்னால் பழைய செம்புக் கம்பியை யாராவது அழுத்திப் பிடித்தால்தான் வீடியோ கால் அறுபடாமல் இருக்கும். பிடிப்பவர் என் வீட்டுக்காரர்; வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்கும்.

இன்று லைன்மேன் அந்தக் கம்பியை வெட்டிவிட்டு ஃபைபர் போட்டார். கையோடு மகளை அழைத்தேன். அடேயப்பா, அவள் கன்னத்து மச்சம்கூடத் தெரிகிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

“சூப்பர்மா! அப்பா எங்க?”

திரும்பினேன். மனுஷன் வழக்கம்போல அலமாரிக்குப் பின்னால், வெட்டிப்போட்ட கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்!

“அட, விடுங்க அதை!” தரதரவென்று இழுத்து வந்து திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

மகள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள்.

“அப்பா... எப்போப்பா இவ்வளவு நரைச்சுது?”