ஏற்கெனவே படிக்கப்பட்ட கடிதங்கள்

மங்கையர்க்கரசி இருபத்தெட்டு வருஷம் பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஒரு தாளைக் கையில் கொடுத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் எதையும் தொடுவாள். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. மின்னஞ்சல் நிறுவனத்திலிருந்து வந்த அறிவிப்பையும் அப்படித்தான் படித்தாள்.

புதன்கிழமை முதல் என்கிரிப்ஷன் இல்லாத இணைப்புகளை நிறுத்தப்போகிறோம் என்றது அறிவிப்பு. அதாவது, கடிதம் வரும் வழியில் யாரும் பிரித்துப் படிக்காதபடி பூட்டி அனுப்பும் இணைப்பு மட்டும்தான் இனிமேல் செல்லும். கணினியில் மெயில் பார்ப்பவர்கள் என்னென்ன மாற்ற வேண்டும் என்று கீழே வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

அவளுடைய கணினியை அமைத்துக் கொடுத்தவன் மகன் அச்சுதன். ஔந்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை, ஆகுர்டி ஃப்ளாட்டில் அவளோடுதான் இருந்தான். அந்த வாரம் வேலையாக ஹைதராபாத் போயிருந்தான். போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"அரே அம்மா, அதுல கை வைக்காதே. சனிக்கிழமை வந்து நானே பண்றேன். டீக் ஹை?"

"புதன்கிழமையே நிப்பாட்டிருவானாம்லா?"

"ரெண்டு மூணு நாள் மெயில் வரலைன்னா என்ன ஆயிடும்? ப்ளீஸ்மா, கை வைக்காதே."

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எதற்கு இத்தனை கெஞ்சல் என்று நினைத்தாளே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை. காலைக் காப்பி முடிந்ததும் மெயில் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள்.

மெயில் வரும் சர்வர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும் என்றது அறிவிப்பு. அவள் கணினியில் பெயரே இல்லை. புள்ளி வைத்த எண்கள்தான் இருந்தன. 192.168 என்று ஆரம்பிக்கும் எண்கள் வீட்டுக்குள் இருக்கிற கருவிகளுக்குத்தான் என்று பிராட்பேண்ட்காரன் ஒருமுறை சொன்னது நினைவிருந்தது. மோடத்துக்குப் பக்கத்தில் அச்சுதன் வைத்திருந்த சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றுதான் வீட்டில் எப்போதும் விளக்கெரிந்துகொண்டிருக்கும். சினிமா சேர்த்து வைக்க என்று சொல்லியிருந்தான். பாதுகாப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்றிருந்தது.

பழைய எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அழித்தாள். சர்வர் பெயரை எழுத்துக் கூட்டி அடித்தாள். அறிவிப்பில் இருந்தபடியே போர்ட் 993. பாதுகாப்பு, எஸ்எஸ்எல். அனுப்புவதற்கு 465. கடவுச்சொல்லைப் போட்டதும் இணைப்பு கிடைத்தது. ஓரத்தில் ஒரு பூட்டுப் படம் வந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

கடிதங்கள் வந்து விழ ஆரம்பித்தன. மின்கட்டணம், வங்கி, ஹவுசிங் சொசைட்டி எல்லாம் ஏற்கெனவே பார்த்தவை. அவற்றுக்கு நடுநடுவே மீனுவின் பெயர். ஒன்று, நாலு, பன்னிரண்டு. அவள் பார்த்திராதவை மொத்தம் முப்பத்தேழு.

மீனு அவளுடைய மகள். அப்பா பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளையை ஆறே மாதத்தில் விட்டுவிட்டு நியூசிலாந்துக்கு வேலைக்குப் போனவள். அவள் போன இருபதாம் நாள் கணவர் சுப்ரமணியன் மாரடைப்பில் இறந்தார். அப்புறம் தாயும் மகளும் போனில் பேசினால் சண்டைதான் வந்தது. "இனிமே போன் பண்ணாதட்டி. சொல்லணும்னா எழுது," என்று மங்கையர்க்கரசியே சொன்னாள். சில மாதங்கள் எழுதிக்கொண்டார்கள். பிறகு மீனுவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. பழைய எண் உபயோகத்தில் இல்லை என்றது. "அவ நம்மளை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாம்மா. என்னையும் பிளாக் பண்ணிட்டா," என்று அச்சுதன் சொன்னான். ரெண்டு வருஷமாக அதைத்தான் நம்பியிருந்தாள்.

முதல் கடிதத்திலேயே மீனு தன் புது நம்பரை எழுதியிருந்தாள். நாலாவதில், 'உன் நம்பருக்கு அடித்தால் யாரோ மராட்டியில் பேசுகிறார்கள், நம்பர் மாற்றிவிட்டாயா?' என்று கேட்டிருந்தாள். விளம்பர போன் தொல்லை என்று சொல்லி சிம்மை மாற்றிக் கொடுத்ததும் அச்சுதன்தான்.

பதினெட்டாவது கடிதம்: 'கழுத்தில் கட்டி. மார்ச் பதினொன்று ஆபரேஷன். பயமாக இருக்கிறது அம்மா. பத்து நாள் வந்து இருப்பாயா?'

அதன் ஓரத்தில், பதில் அனுப்பியதற்கான அம்புக்குறி இருந்தது. அனுப்பிய கடிதங்களில் தேடினாள். ஆங்கிலத்தில் இரண்டு வரி. இனி எழுதாதே, எனக்கு நிம்மதி வேண்டும். கீழே அவள் பெயர்.

அதற்கு மீனு எழுதியிருந்தாள்: 'இங்கிலீஷில் எழுதும் அளவுக்கு நான் வேற்றாள் ஆகிவிட்டேனா?'

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். யாரும் திறக்காத கடிதங்கள் தடித்த எழுத்தில் தெரியும். இந்த முப்பத்தேழில் ஒன்றுகூட அப்படி இல்லை. எல்லாம் யாரோ படித்து முடித்தவை; அந்தக் கறுப்புப் பெட்டி வழியாக வரும்போது அவளிடம் வராமல் நிறுத்தப்பட்டவை. அந்த யாரோ, ரெண்டு வருஷமும் தினமும் எதிரே உட்கார்ந்து அவள் போட்ட தோசையைத் தின்றவன்.

அன்று முழுவதும் அவள் சமைக்கவில்லை. மீனுவின் எண்ணுக்கு மூன்று முறை அடித்தாள், எடுக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றினாள். நடந்ததையெல்லாம் தமிழில் எழுதி அனுப்பினாள். புதன்கிழமை பதில் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி: நீங்கள் யார்?

சனிக்கிழமை மத்தியானம் அச்சுதன் பிஸ்கட் டப்பாவோடு உள்ளே வந்தான். சாப்பாட்டு மேஜை மேல் கறுப்புப் பெட்டி வயரெல்லாம் உருவிக் கிடந்தது. பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"கை வைக்காதேன்னு சொன்னேன்ல?"

"ஏன்ல இப்படிப் பண்ணுன?"

"உனக்காகத்தான். அவ மெயில் வந்த அன்னிக்கெல்லாம் நீ சாப்பிட்டியா? பிபி எவ்ளோ ஏறிச்சு, ஞாபகம் இருக்கா? அவளாலதான் அப்பா போனார். நீயும் போகணுமா? நான் என்ன, வேடிக்கை பாத்துட்டு இருக்கணுமா?"

"என் பேரைப் போட்டு எழுதிருக்க."

"ஒரே தடவைம்மா."

"ஆபரேஷன்னு எழுதிருக்கா. பயமா இருக்குங்கா. அதைப் படிச்சிட்டுதான எழுதுன?"

அவன் பிஸ்கட் டப்பாவை மேஜை ஓரத்தில் வைத்தான். "சிம்பிள் சர்ஜரிதான்மா. நான் நெட்ல பாத்தேன்."

அவன் கோபப்பட்டதையோ பொய் சொன்னதையோகூட அவள் தாங்கியிருப்பாள். உட்கார்ந்து நெட்டில் பார்த்திருக்கிறான். ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்டு, நிதானமாக அந்த இரண்டு வரியை எழுதியிருக்கிறான். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"நான் அவளுக்கு எழுதுனதெல்லாம்?"

"போகலை."

"எல்லாத்தையும் படிச்சியா?"

அவன் தலை குனிந்தான். அப்பா இல்லாத வீட்டில் ராத்திரி தூக்கம் வருவதில்லை, அச்சுவிடம் சொன்னால் பயப்படுவான் என்று மீனுவுக்குத் தான் எழுதிய வரிகள் மங்கையர்க்கரசிக்கு நினைவு வந்தன. மகனிடம் மறைத்ததை மகன் படித்திருக்கிறான். படித்துவிட்டு மறுநாள், நன்றாகத் தூங்கினாயா அம்மா என்று கேட்டிருக்கிறான்.

"உன் சாமான எடுத்துக்கிட்டு கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது இரி," என்றாள். குரல் உயரவில்லை. சாயங்காலம் அவன் ஔந்தில் நண்பன் அறைக்குப் போனான். பிஸ்கட் டப்பாவைப் பிரிக்காமல் செக்யூரிட்டியிடம் கொடுத்தாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், குரலைக் கேட்டுப் பார் என்று மீனுவுக்கு எழுதியிருந்தாள். இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"மீனு, அம்மாதான்ட்டி."

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இல்ல. போகச் சொல்லிட்டேன். கழுத்து எப்படிட்டி இருக்கு?"

"ஆறிடுச்சு. தழும்பு இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நீ எழுதினதை நான் நம்பறேம்மா. ஆனா ஒண்ணு கேக்கறேன். ரெண்டு வருஷம். என் ஆபீஸ் பேர் உனக்குத் தெரியும். வைஜயந்தி நம்பர் உன்கிட்ட இருக்கு, அவ கிட்டயாவது கேட்டிருக்கலாம். ஏன் தேடலை?"

வைஜயந்தி மீனுவோடு படித்தவள், பிம்ப்ரியில்தான் இருக்கிறாள். கடைத்தெருவில் இரண்டு முறை பார்த்தும், மகளைப் பற்றிக் கேட்க வெட்கப்பட்டு விலகிப் போயிருந்தாள் மங்கையர்க்கரசி.

"அவன் சொன்னத நம்பிட்டேன்ட்டி."

"அவன் சொன்னதை உடனே நம்பிட்டே. நான் உன்னை அப்படி விட்டுட்டுப் போவேனான்னு ஒரு தடவைகூடத் தோணலையா?"

பெட்டியையும் சிம்மையும் காரணம் காட்டலாம். ஆனால் மகள் கேட்டது அதையல்ல.

"தோணிருக்கணும்," என்றாள் கடைசியில்.

மீனு அழுகிறாளா என்று தெரியவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிடு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மங்கையர்க்கரசி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே சொசைட்டி வாசலில் காய்கறிக்காரன் மராட்டியில் விலை சொல்லிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் போன் அடித்தது. அச்சுதன். அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள். கணினியைத் திறந்து, முதல் கடிதத்திலிருந்து ஒவ்வொன்றாக, இரண்டு வருஷம் தாமதமாகப் பதில் எழுத ஆரம்பித்தாள்.