மலிவு விலையில் பழைய பந்தயம்

பழைய குதிரைப் பந்தயங்களின் விவரங்களைக் குதிரைகளிடமிருந்துதான் வாங்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. எனக்குத் தெரியாமல் இருந்தது விலை மட்டும்.

எனக்குப் பத்து வருடப் பந்தயங்கள் தேவைப்பட்டன. நான் ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தேன். குதிரையின் வயது, அது சுமக்கும் எடை, ஜாக்கியின் மனநிலை, புல்லின் ஈரம் எல்லாவற்றையும் உள்ளே போட்டால் ஜெயிக்கப்போகும் குதிரையின் பெயர் வெளியே வரும். அதற்குக் கோதண்ட சூத்திரம் என்று பெயர் வைத்தேன். கோதண்டபாணி என் மாமனார். பொன்னேரி மனையை விற்ற பணம் மொத்தத்தையும் வருகிற சனிக்கிழமை சூத்திரம் சொல்லும் குதிரைமேல் போடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னது முதலிலா, நான் பெயர் வைத்தது முதலிலா என்பது நினைவில்லை.

என் மனைவி சாருமதி குறுக்கே நின்றாள்.

"முதல்ல சூத்திரத்தைப் பழைய ரேஸ்ல ஓட்டிக் காட்டுங்க. அதுல தேறினா அப்பா பணத்தைத் தொடுங்க. இல்லேன்னா அது பேங்குக்குப் போயிடும்."

"பழைய ரேஸ் விவரமெல்லாம் விலை ஜாஸ்தி, சாரு."

"மலிவாத் தேடுங்க. கத்திரிக்காய்க்கு மட்டும் நாலு கடை ஏறி இறங்குறீங்க இல்ல?"

கிண்டியில் பந்தய வரலாற்று உயராய்வு மையம் என்று ஒன்று இருந்தது. அதன் இயக்குநர் முனைவர் மணவாள நம்பி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"பழைய ரேஸ் விவரம் வேணும் சார்" என்றேன்.

"தரவு என்று சொல்லுங்கள். விவரம் வெளியே டீக்கடையில் கிடைக்கும்."

"தரவு வேணும் சார்."

"எந்தத் தரத்தில்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இன்னொரு முனைவர் பட்டம் வந்தது. எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். நான் கைதட்டினேன். அறையில் வேறு யாரும் இல்லாததால் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன். மேசையில் இருந்த பெயர்ப்பலகை ஒரு சாண் நீண்டது.

அவர் கூட்டிப்போன முதல் அறையில் ஏசி ஓடியது. சோபாவில் ஒரு குதிரை சாய்ந்திருந்தது. எல்லாப் பந்தயங்களிலும் முதலாவதாக வந்த குதிரை. ஒரு பந்தயத்தின் விலை என் இரண்டு மாதச் சம்பளம். மாதிரிக்கு ஒரு கேள்வி கேட்கலாம் என்றார் நம்பி.

"உங்களோட ஓடின மத்த குதிரைகளைப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

குதிரை யோசித்தது. "மத்த குதிரைகள் இருந்துச்சா?"

"அபாரமான தரவு" என்றார் நம்பி.

என்னால் கட்டுப்படியாகாது என்று சொன்னேன். அப்படியானால் உள்ளே போக வேண்டும் என்றார். நடந்தோம். விலை குறையக் குறையத் தாழ்வாரம் நீண்டது. இரண்டாவதாக வந்த குதிரைகளைக் கடந்தோம். அவை அந்த இரண்டாமிடங்களைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருந்தன. நான்காவதாக வந்தவற்றின் அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. ஓரிடத்தில் நம்பி நின்றுவிட்டார்.

"ஆயிரம் ரூபாய்க்குக் கீழே நான் வருவதில்லை. நீங்கள் போங்கள்."

போனேன். தாழ்வாரம் முடிகிற இடத்தில், கழிவறைக்குப் பக்கத்தில், ஒரு பழுப்புக் குதிரை நின்றுகொண்டிருந்தது. கழுத்துச் சீட்டில் வேர்ல்டு கான்கரர் என்று எழுதியிருந்தது.

"என்ன சார் வேணும்?"

"பத்து வருஷ ரேஸ்."

"ஜெயிச்சவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். அவருக்கு யாரையும் தெரியலை."

"பாவம். முன்னாடியே போயிடுறார். ஒண்ணும் பார்க்கக் கிடைக்கிறதில்ல."

"நீங்க?"

"நான் ஓடின ரேஸ் எல்லாத்துலயும் கடைசி சார். எல்லாரையும் பார்த்திருக்கேன்."

வாடகை தினம் இரண்டு படி கொள்ளு என்றது. இந்த ஊரில் யாரும் என்னிடம் இவ்வளவு நியாயமான விலை சொன்னதில்லை.

ஆட்டோக்காரர் குதிரையைப் பார்த்தார். "லக்கேஜுக்குத் தனியா ஆவும் சார்."

"நான் லக்கேஜ் இல்லைங்க" என்றது வேர்ல்டு கான்கரர்.

"அப்ப ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்குங்க."

சாருமதி கதவைத் திறந்தாள். "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று குதிரையைக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. மாமா தன் நாற்காலியைக் கொடுத்தார். குதிரை நன்றி சொல்லிவிட்டு ஃபிரிட்ஜ் பக்கமாக நின்றுகொண்டது.

காலையில் சோதனை ஆரம்பித்தது. அது சொல்லச் சொல்ல நான் சூத்திரத்துக்குள் போட்டேன்.

"ஜனவரி மாசம், மூணாவது ரேஸ். புல் காய்ஞ்சிருந்துச்சு. அஞ்சாம் நம்பர் ஜாக்கிக்கு வீட்டுல சண்டை. பின்னாடியிருந்து தோளைப் பார்த்தாலே தெரிஞ்சுது. ஏழாம் நம்பருக்கு இடது கால்ல வலி, வெளியே சொல்லலை."

இப்படிப்பட்ட தரவை நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. கணக்குப் போட்டேன். விடை வந்தது.

"வேர்ல்டு கான்கரர்" என்றேன்.

"சொல்லுங்க சார்."

"இல்ல, சூத்திரம் அப்படிச் சொல்லுது. அந்த ரேஸ்ல உங்க மேலதான் பணம் போடணுமாம்."

குதிரையின் காதுகள் நிமிர்ந்தன. "நான் கடைசியா வந்தேன் சார்."

"பரவாயில்லை, அடுத்த ரேஸ்."

அடுத்த பந்தயத்திலும் வேர்ல்டு கான்கரர். அதற்கடுத்ததிலும். மாமா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்து வருடமும் தீர்ந்தது. கோதண்ட சூத்திரம் தடுமாறவே இல்லை. ஒவ்வொரு முறையும் கடைசியாக வந்த குதிரையையே கைகாட்டியது.

"ஒண்ணுகூடத் தேறலையா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா."

"சூத்திரத்துக்கு வேற பேர் வச்சுடுங்க."

சாருமதி பையை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போய்விட்டு வந்தாள். மனைப் பணம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவளுக்கும் குதிரைக்கும் கொள்ளு விற்ற கடைக்காரருக்கும் கும்பிடு போட வேண்டும்போல இருந்தது.

குதிரை தயங்கித் தயங்கிக் கேட்டது. "சார், எல்லா ரேஸ்லயுமா?"

"எல்லாத்துலயும்."

"அந்த மழை பெய்ஞ்ச அன்னைக்கு?"

"அன்னைக்கும் நீங்கதான்."

"என் முதலாளியே என் மேல போட்டதில்ல சார். ஒருத்தர் தப்பா என் நம்பருக்கு டிக்கெட் வாங்கிட்டு, கவுன்ட்டர்ல சண்டை போட்டு மாத்திக்கிட்டுப் போனார்."

பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. முதுகு மட்டும் லேசாக நடுங்கியது.

"இன்னும் ஒரு ரேஸ் இருக்கு" என்றது கடைசியில். "கால் உடைஞ்சு ஓட்டத்தை விடறதுக்கு முன்னாடி ஓடின கடைசி ரேஸ். பத்து வருஷம் முடிஞ்சப்புறம் நடந்தது, அதனால உங்க கணக்குல வராது. உங்களுக்கு வேண்டாம்னா விட்டுடுங்க."

சாருமதி முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"வேர்ல்டு கான்கரர் மேல."

"அது முடிஞ்சுபோன ரேஸ் சாரு" என்றார் மாமா.

"தெரியும்பா."

"இவர் கடைசியா வருவார்."

"அதுவும் தெரியும். யாராவது போடணும் இல்ல?"

மாமா சட்டைப் பையைத் தடவி ஒரு பத்து ரூபாயை எடுத்தார். நானும் வைத்தேன். சூத்திரத்தைக் கேட்கவில்லை.

குதிரை மூன்று நோட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஸ்டார்ட்டிங் கேட்டுக்குள்ள நிக்கிறேன்" என்று ஆரம்பித்தது. குரல் கம்மி நின்றுவிட்டது.

"என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். அன்னைக்கு இவ்வளவு பயம் இல்ல."

"நிதானமா ஓடுங்க, நாங்க இருக்கோம்" என்றாள் சாருமதி.

குதிரை கண்ணை மூடி மூச்சை இழுத்தது.

"கேட் திறந்துடுச்சு" என்றது.

மாமா அதற்கு முன்பே நாற்காலிமேல் ஏறியிருந்தார்.