லிஃப்ட்காரன் மலையேறிய விதம்

அக்கா எண்பது கிலோமீட்டர் ஓடப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் நான் கேட்டது, "ஏன், பஸ் இல்லையா?" என்றுதான். குடும்பமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்தால் அதற்கான வட்டி பின்னால் வரும் என்று நாற்பத்து நான்கு வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். விடிந்தும் விடியாமலும் போய், வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் கையில் நரம்பு தேடி ஊசி குத்துவது அவள் தொழில். எதிரில் இருப்பவர் எவ்வளவு அலறினாலும் அவள் முகம் மாறாது. ஐம்பது வயது ஆன வருடம் ஒருநாள் தன் கணவரிடம், "எனக்கு ஓடணும்போல இருக்கு" என்றிருக்கிறாள். மாமா வெலவெலத்துப் போய், "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டிருக்கிறார். விஷயம் புரிந்ததும் வந்த நிம்மதியில் அன்றைக்கே கடைக்குப் போய் ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டார். முதலில் பூங்காவைச் சுற்றி ஓடினாள். பிறகு ஏரியைச் சுற்றி. இப்போது காட்டுப்பாதையில், மலை ஏறி இறங்கி, விடியலில் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டிய ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

"நீயும் வா" என்றாள் என்னிடம்.

"என்னால ஓட முடியாதுக்கா."

"உன்ன யாரு ஓடச் சொன்னா? வழியில அங்கங்க டென்ட் போட்டிருப்பாங்க. ஓடி வர்றவங்களுக்குத் தண்ணி, பழம், மருந்து குடுக்கறதுக்கு ஆள் வேணுமாம். நீ நின்னு தண்ணி ஊத்து, போதும்."

ஒரு நாற்காலி, ஒரு குடை, மூச்சிரைக்க வருபவர்களைப் பார்த்துக் கை தட்டும் நான். படம் மனதில் அழகாக வந்தது. சரி என்றேன். மறுநாளே ஒரு தொப்பி வாங்கினேன்.

உதவி முகாம்களுக்கான தன்னார்வலர் கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. நடத்தியவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கியதால் எல்லோரும் அவரை விசில் சார் என்றே அழைத்தார்கள். என்னை நான்காவது முகாமில் போட்டார்.

"நாலாவது எங்க சார் இருக்கு?"

"மலை உச்சியில."

"வண்டி எதுவரைக்கும் போகும்?"

"அடிவாரம் வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்கதான் வண்டி."

தண்ணீர் கேன், உருளைக்கிழங்கு, அடுப்பு, மடக்குக் கட்டில் எல்லாவற்றையும் தன்னார்வலர்களே சுமந்து ஏற வேண்டுமாம். நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க அக்காதான் சொன்னாங்க, தம்பி நல்லா வெயிட் தூக்குவாப்லன்னு" என்றார் விசில் சார்.

உண்மைதான், தூக்குவேன். நான் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருடமாக மோட்டார், இரும்புக் கயிறு, கருவிப் பெட்டி என்று எவ்வளவோ கனத்தை மேலே கொண்டுபோயிருக்கிறேன். எல்லாமே லிஃப்டில் வைத்துத்தான். என் தொழில் தர்மப்படி படிக்கட்டு என்பது போட்டிக் கம்பெனி. அதன் பக்கமே போக மாட்டேன்.

இனி போகாமல் தீராது. என் பராமரிப்பில் இருந்த பதினாலு மாடிக் குடியிருப்பில் பயிற்சியை ஆரம்பித்தேன். முதுகுப் பையில் இரண்டு தண்ணீர் கேன்களை வைத்துக் கட்டிக்கொண்டு, லிஃப்டைச் சோதித்து முடித்த கையோடு படியேறுவேன். முதல் நாள் ஐந்தாவது மாடியில் ஒருவர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாக மூடிக்கொண்டார்.

இரண்டாவது வாரம் வினை வந்தது. ஒன்பதாவது மாடித் திருப்பத்தில் கடைக்குப் போகக் காலிக் காய்கறிப் பையோடு லிஃப்டுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, லிஃப்ட் ரிப்பேர்காரர்தான நீங்க? நீங்களே படியில போறீங்க?"

பதில் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை. ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை "வேண்டாம், ஏறாதீங்க" என்று எடுத்துக்கொண்டு, காய்கறிப் பையைத் தோளில் போட்டுப் படியில் இறங்கத் தொடங்கினார். சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டடத்தில் ஒரு ஈ கூட லிஃப்டில் ஏறவில்லை. குடியிருப்போரின் வாட்ஸப் குழுவில், 'மெக்கானிக்கே பயந்து படியில் போகிறார்' என்று செய்தி பறந்திருந்தது. செக்ரட்டரி என் மேனேஜரைப் பிடித்தார். மேனேஜர் என்னைப் பிடித்தார்.

தண்டனையாக ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அந்த லிஃப்டிலேயே மேலும் கீழும் போய்க்கொண்டிருக்க வேண்டும். சிரித்த முகத்தோடு. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும்போது, ஓட்டுக் கேட்க வந்தவனைப் போல "வணக்கம், வாங்க, வாங்க" என்றேன். ஒரு அம்மா என் முகத்தையும் மேலே கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். "விழுந்தா நீங்களும்தான விழுவீங்க? அப்ப சரி" என்று ஏறிக்கொண்டார்.

உடற்பயிற்சி இப்படிப் போக, விசில் சார் வாய்ப்பயிற்சியும் கொடுத்திருந்தார். ஓடி வருபவரை உற்சாகமாக வரவேற்க வேண்டும். உட்கார விடக்கூடாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. வியர்த்து வருபவர்கள் என்பதால் உப்பு வேண்டுமா என்று கேட்க வேண்டும். கண்ணைப் பார்த்து எளிமையான இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பதில் குழறினால் மேலே போக விடக்கூடாது. இதை என் மனைவியிடம் ஒத்திகை பார்த்தேன். அவள் ஆபீஸிலிருந்து உள்ளே நுழைந்ததும் பாய்ந்துபோய்ப் பையை வாங்கி, "வாங்க, வாங்க! பிரமாதமா வந்திருக்கீங்க! உப்பு வேணுமா?" என்றேன்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "என்னத்த ஒடச்சீங்க?" என்றாள்.

விளக்கினேன். "ஓடறவங்க பயிற்சி எடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். தண்ணி ஊத்தறதுக்குமா?" என்றுவிட்டு, வலிநிவாரணித் தைலத்தை எடுத்து என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

போட்டி நாள் வந்தது. அக்கா இருட்டோடு இருட்டாகத் தொடக்கக் கோட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் வெளிச்சம் வந்ததும் மலையடிவாரத்தில் சுமையைப் பிரித்துக்கொண்டோம். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஏறினேன். அதுதான் கெடுதலாகப் போயிற்று. முதல் நடையில் யாரும் என்னை முந்தவில்லை. இரண்டாவது நடையில் விசில் சார், "பரவால்லையே!" என்றார். அந்த ஒரு வார்த்தை என் தலைக்கு ஏறிவிட்டது. "போதும், உக்காருங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, மூன்றாவது நடைக்கு நானாகவே இறங்கினேன். காலையில் பரபரப்பில் சாப்பிடவும் இல்லை. இரண்டு தோளிலும் தண்ணீர் தொங்கியதே தவிர ஒரு மிடறு குடிக்கவில்லை. இது ஓடுகிறவர்களின் தண்ணீர், நாம் தொடக்கூடாது என்று எனக்குள் ஒரு தியாகி உட்கார்ந்து உபதேசம் செய்துகொண்டிருந்தான்.

முகாம் தயாரானது. உருளைக்கிழங்கை வேகவைத்து வெட்டி, பக்கத்தில் உப்புக் கிண்ணம் வைத்தோம். ஆரஞ்சு, வாழைப்பழம், சூப். முதல் ஓட்டக்காரர் வந்தபோது நான் கிழங்குத் தட்டோடு குறுக்கே பாய்ந்து, "பிரமாதமா வந்திருக்கீங்க!" என்று கத்தினேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய், மேஜையிலிருந்து அரை டம்ளர் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றியபடி மறைந்தே போனார். அதற்குள் அடுத்தவர்கள் வந்தார்கள். கால்விரல் நகம் பெயர்ந்தவர், வழியெல்லாம் வாந்தி எடுத்தவர், காரணமே இல்லாமல் அழுதவர். குப்பிகளை நிரப்பினேன், சேறு படிந்த ஷூக் கயிறுகளை அவிழ்த்தேன், அழுதவருக்கு என் தொப்பியைக் கொடுத்தேன். வெயில் உச்சிக்கு வந்தது.

தள்ளாடியபடி வந்த ஒருவரை நிறுத்தி, கண்ணைப் பார்த்துக் கேட்டேன். "உங்க பேர் என்ன? இது எந்த இடம்?"

அவர் இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னார். பிறகு என் கண்ணைப் பார்த்து, "சார், நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றார்.

அடுத்து எனக்குத் தெரிந்தது கூடாரத்தின் நீலத் துணி. ஓட்டக்காரர்களுக்காக நானே சுமந்து கொண்டுவந்த மடக்குக் கட்டிலில், காலுக்கடியில் அரிசி மூட்டை போல எதையோ முட்டுக்கொடுத்து என்னைப் படுக்கவைத்திருந்தார்கள். விசில் சார் குனிந்து, "இது எந்த இடம், சொல்லுங்க?" என்றார்.

"பதினாலாவது மாடி" என்றேன்.

அந்த முகாமில் அன்று படுத்த முதல் ஆளும், ஒரே ஆளும் நான்தான்.

அக்கா இந்தக் கோலத்தில்தான் என்னைக் கண்டுபிடித்தாள். அவள் வெகு முன்னதாகவே வந்து சேர்ந்திருக்க வேண்டியவள். நேரமாகிவிட்டதே என்று எல்லோரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வந்தவள் தண்ணீரைக்கூடத் தொடாமல் நேரே கட்டிலுக்கு வந்து என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள்.

"காலைல என்ன சாப்ட்ட?"

நான் கூடாரத்தின் நீலத் துணியைப் பார்த்தேன்.

"எத்தன கேன் தூக்குன?"

"ஆறு."

"அதுல எத்தன டம்ளர் குடிச்ச?"

மறுபடியும் நீலத் துணியைப் பார்த்தேன். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூனால் எனக்குப் புகட்டத் தொடங்கினாள். ஐம்பது கிலோமீட்டர் ஓடி வந்தவள், தண்ணீர் ஊற்ற வந்தவனுக்குத் தண்ணீர் ஊற்றினாள். சுற்றி நின்றவர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் போட்டோ எடுத்தார்.

"அம்மா, முகாம் மூடற நேரம் நெருங்குது. அதுக்குள்ள நீங்க கிளம்பலன்னா உங்கள நிறுத்த வேண்டியிருக்கும்" என்றார் விசில் சார்.

"இவன் எந்திரிச்சு உக்காரட்டும் சார்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. ஸ்பூன் பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. யார் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிற கை அது. அது நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

அவள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "வயிறு சரியில்லடா. ரெண்டு மணி நேரமா எதுவும் உள்ள நிக்கல. இங்க வந்து நிறுத்திக்கலாம்னு நெனச்சுக்கிட்டேதான் ஏறினேன். என்ன காரணம் சொல்றதுன்னு யோசிச்சேன். நீ படுத்திருக்க. போதும்."

சோர்ந்து போனவரிடம் சொல்வதற்காக நான் மனப்பாடம் செய்த வாசகங்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, என்னாலதான் நின்னேன்னு வீட்ல சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"எல்லார் கல்யாணத்துலயும் சொல்லுவியா?"

"பந்தியில வச்சே சொல்லுவேன்."

"என்னால அத தாங்க முடியாதுக்கா. நீ நல்லா இருக்கணும்னெல்லாம் நான் சொல்லல. என் மானம் போகுது. தயவுசெஞ்சு எந்திரி."

அக்கா சிரித்தாள். சிரிப்பில் புரையேறியது. விசில் சார் முதுகில் தட்டினார். சிரிப்பு நின்றதும் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து, உப்பில் புரட்டி, மெதுவாக மென்று விழுங்கினாள். அது உள்ளே நிற்கிறதா என்று அவளையும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றது. இன்னொரு துண்டு தின்றாள். சூப்பில் பாதி குடித்தாள். விசில் சார் அவள் கண்ணைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் பளிச்சென்று பதில் வந்தது.

"மெதுவாப் போ. முடியலன்னா அடுத்த டென்ட்ல நின்னுடு. யார்ட்டயும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"நீ படு" என்றுவிட்டு எழுந்து போனாள்.

சரிவில் அவள் முதுகு இறங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க நான் அவளுக்குப் பயந்திருக்கிறேன். அவளுக்காகப் பயந்தது அன்றைக்குத்தான்.

முகாமைப் பிரித்தபோது என்னை எதையும் தூக்க விடவில்லை. காலி டம்ளர் சாக்கு ஒன்றை மட்டும், அதில் காற்றுதான் அதிகம் என்பதால், கையில் கொடுத்தார்கள். மலைக்கு மறுபக்கம் குறுக்குவழியாக முடிவுக்கோட்டுக்கு இறங்கினோம். செல்போனில் சிக்னல் இல்லை. அக்கா கடந்தாளா, விழுந்தாளா, ஒன்றும் தெரியாது. கடைசி வளைவில் மற்றவர்களை விட்டுவிட்டு வேகமாக நடந்தேன்.

மரங்களுக்கிடையிலிருந்து மைதானத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சட்டையெல்லாம் சேறு, தோளில் சாக்கு, தள்ளாட்டம். திடீரென்று ஒலிபெருக்கி, "இதோ வந்துட்டார், நம்ம கடைசி வீரர்!" என்று அலறியது. மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. நான் யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. ஒரு பெண் ஓடிவந்து என் கழுத்தில் மெடலை மாட்டி, "கலக்கிட்டீங்க சார்!" என்றாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துவிட்டாள்.

அக்கா புல்தரையில், வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். மாமா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவள் கழுத்திலும் மெடல் இருந்தது. "நேரம் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வந்தாப்பா" என்றார் மாமா. சொல்லிவிட்டு உரித்த ஆரஞ்சை என் கையில் திணித்தார். நான் சாக்கைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அக்கா என் கழுத்தைப் பார்த்தாள்.

"இது என்னடா?"

"குடுத்தாங்க."

"போய்த் திருப்பிக் குடு."

போய்க் கொடுத்தேன். அந்தப் பெண் வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்றாள். நான் ஓடவே இல்லை, தண்ணீர் ஊற்ற வந்தவன், அதையும் ஒழுங்காக ஊற்றவில்லை என்று மூன்று முறை விளக்கிய பிறகுதான் வாங்கினாள். முகத்தில் நல்ல ஏமாற்றம் தெரிந்தது.

வீடு திரும்பும்போது மாமா கார் ஓட்டினார். பின் சீட்டில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கேன் பட்டை அறுத்துத் தோலுரிந்த தோள் அதுதான். காரின் ஒவ்வொரு குலுங்கலுக்கும் உயிர் போயிற்று. மாமா கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, "அழறியா என்ன?" என்றார். பெருமையில் கண் கலங்குகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.