காயாத தோல்

கடல் ஊருக்குள் புகுந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை, மாட்டை அவிழ்க்க ஓடிய தனக்கோடி திரும்பவில்லை. மாடு மட்டும் சதுரங்கப்பட்டினத்துக் கரையில் செத்து ஒதுங்கியது. அதன் கழுத்துக் கயிற்றில் அவள் போட்ட முடிச்சு அவிழாமல் இருந்தது.

அவள் புருஷன் நீலமேகம் தோல் பதனிடுகிறவன், பறை கட்டுவதில் கெட்டிக்காரன். அன்றைக்கே அந்த மாட்டை உரித்தான். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். பிடிக்கத்தான் செய்தது, யாருக்குத்தான் பிடிக்காது? இந்தத் தோலில் கட்டிய பறையை அடித்துத்தான் அவளுக்குக் கருமாதி, அதுவரை அவள் செத்தவள் இல்லை என்று சொல்லிவிட்டான்.

சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, மயிரைச் சீவி, சட்டத்தில் இழுத்துக் கட்டி வெயிலில் நிறுத்தினான். மற்ற தோலென்றால் நாலு வெயிலில் அப்பளமாகக் காய்ந்துவிடும். இது பகலில் காய்ந்ததுபோல் இருக்கும், விடிந்து பார்த்தால் வேர்த்திருக்கும். கடல் குடித்த தோல், உள்ளேயிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? கிணற்றுத் தண்ணீரில் மறுபடி மறுபடி அலசினான். மறுநாளும் வேர்த்தது. தலைகுளித்து ஈரத்தோடு வந்து நிற்பவளைத் தொடுவதுபோல் இருந்தது. முதலில் பயந்தான். பிறகு, காலையில் அதைத் தொடாமல் அவனுக்கு டீ இறங்கவில்லை.

தனக்கோடியின் தம்பி லோகு கல்பாக்கத்தில் பஸ் கழுவுகிறவன். வாராவாரம் வந்து சண்டை பிடிப்பான். உடம்பு கிடைக்காதவர்களுக்கெல்லாம் காரியம் முடிந்துவிட்டது, வேறு பறை அடித்தால் என்ன என்பான்.

"அக்கா தவிச்சிகினு கீது மாமா. நீதான் புடிச்சி வச்சிகினு கீற."

நீலமேகம் தோலைக் காட்டுவான். "ஒங்கக்கா இன்னும் ஒத்துக்கல மச்சான். நான் இன்னா பண்றது?"

சித்திரையில் ஒருநாள் காலை தோல் காய்ந்திருந்தது. விரலால் சுண்டினான். கணீரென்றது. அவன் கட்டிய எந்தப் பறையிலும் அப்படியொரு சத்தம் எழுந்ததில்லை. இன்று லோகு வருகிற நாள். வந்து சுண்டிப் பார்ப்பான், தேதி குறிப்பான், நாலு பேர் கூடி அவளை அனுப்பிவைத்துவிடுவார்கள்.

குடத்தை எடுத்துக்கொண்டு கடலுக்கு ஓடினான். அவள் போனபின் அவன் அந்தத் தண்ணீரில் கால் வைத்தது அன்றுதான்.

தோலின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் சைக்கிள் வந்து நின்றது. லோகு குடத்தையும் பார்த்தான், வழிகிற தண்ணீரையும் பார்த்தான். நீலமேகத்தால் தலை நிமிர முடியவில்லை. வசவுக்குக் காத்திருந்தான்.

லோகு குடத்தை வாங்கிக்கொண்டான்.

"இந்தப் பக்கம் நனையல மாமா" என்று மிச்சத்தை ஊற்றினான்.