துடைத்து வைத்த இன்ஜின்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் பளபளா. மிக்ஸி, தையல் மோட்டார், சலூனில் தலை காய வைக்கிற மெஷின், தரை சுத்தம் செய்கிற மெஷின் என்று எது வந்தாலும் முதலில் அக்கக்காகக் கழற்றி, தின்னரில் குளிப்பாட்டி, துடைத்து, அதற்கப்புறம்தான் என்ன கோளாறு என்றே பார்ப்பார். "இது எங்க மிக்ஸி இல்லீங்க, எங்களுது அழுக்கா இருக்கும்" என்று வாங்க மறுத்துத் திரும்பிப் போனவர்களும் உண்டு. அழுக்கைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. நல்ல பழக்கம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் நல்ல பழக்கத்துக்கும் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியவில்லை.

கீழே கடை, மேலே வீடு. வீட்டில் இப்போது அவரும் மனைவியும் மட்டும்தான். ஒரே மகள், வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள், எட்டு வயதில், போன மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, மனைவி சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். பளபளாவுக்கு அழத் தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்தார். மகளின் துணிகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து, பிள்ளைகள் விடுதிக்குக் கொடுத்தார். தலையணை உறையை வெந்நீரில் ஊறப்போட்டார். சீப்பைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துப் பல் பல்லாகச் சுத்தம் செய்து, அதையும் கொடுத்துவிட்டார். சுவரில் அவள் கிறுக்கிய வண்டிகளையும் வீடுகளையும் ஈரத்துணியால் அழித்தார். கண்ணில் பட்டால் மனைவி அழுவாளே என்ற நினைப்புதான். அவள் எழுந்து வந்து பார்த்தபோது அந்த அறை லாட்ஜ் அறை போல இருந்தது. நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு", "கதவைப் பூட்டியாச்சா" இவ்வளவுதான் பேச்சு.

அந்த அறையில் தப்பித்தது பொம்மை ரயில் ஒன்றுதான். அது மகளுடையது இல்லை, அவருடையது. கப்பலில் வேலை பார்த்த அவருடைய மாமா, இவர் அரை டிராயர் போட்டிருந்த காலத்தில் கொண்டுவந்து கொடுத்த பழைய ரயில். பச்சை வர்ணம் அடித்த கனத்த இரும்பு இன்ஜின், பின்னால் மூன்று பெட்டி, வட்டமாக மாட்டுகிற தண்டவாளம், சுவரில் செருகுகிற டிரான்ஸ்ஃபார்மர். மகள் அதைத் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்ட மாதிரிதான் நடந்துகொள்வாள். காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் அது நின்றுபோனது. "அப்பா, இன்ஜின் ஓடலப்பா" என்றாள். "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்" என்றார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊர்ப்பட்ட மோட்டாரையெல்லாம் ஓட வைத்தவருக்குச் சொந்தப் பிள்ளையின் பொம்மைக்கு நேரமில்லாமல் போனது.

ஒரு நாள் மதியம் சாப்பிட மேலே வந்தபோது, மனைவி அந்த அறைத் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மடியில் இன்ஜினைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தின் உள்பக்கம் விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் காலடி கேட்டதும் சட்டென்று அலமாரியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஓடவில்லையே என்று ஏங்குகிறாள், பளபளா அப்படித்தான் நினைத்தார். மெக்கானிக் வேறு என்ன நினைப்பார்?

இந்த வாரம் அவள் பெட்டி கட்டிவிட்டாள். "அக்கா வீட்டுக்குப் போறேன். நாளைக்குக் காலையில பஸ்."

"எப்ப வருவே?"

"தெரியல."

அந்தத் 'தெரியல'வில் திரும்பி வருகிற எண்ணம் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. வேலை பார்க்கும் துணிக்கடையில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பியதும், இன்ஜினையும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஒரு துண்டுத் தண்டவாளத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கினார். அவள் திரும்பி வருவதற்குள் இது ஓட வேண்டும். ஓடினால் அவள் அந்த அறைக்குள் வருவாள், உட்காருவாள், ஏதாவது பேசுவாள். ஒருவேளை தங்கியும் விடுவாள். மனுஷன் அந்தப் பொம்மையின் மேல் அவ்வளவு பாரத்தையும் ஏற்றினார்.

நாலு திருகைக் கழற்றியதும் மேல் கூடு கையோடு வந்தது. உள்ளே மோட்டார் கரி பிடித்துக் கிடந்தது. கார்பன் துண்டுகள் துவரம்பருப்பு அளவுக்குத் தேய்ந்திருந்தன. மிக்ஸி கார்பனை அரம் வைத்து ராவி, அளவுக்குக் கொண்டுவந்து பொருத்தினார். மோட்டாரின் செப்பு வளையத்தை உப்புத்தாளால் தேய்த்து, இடுக்குகளில் இருந்த கரியைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தார். அப்படியும் சக்கரம் அசைய மறுத்தது. கவிழ்த்துப் பார்த்தால், பின்சக்கரத்துக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே அச்சைச் சுற்றிக் கறுப்பாக ஒரு சுருள் இறுகியிருந்தது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து கெட்டிப்பட்டுப்போன சுருள்.

'அட, இதுக்குத்தானா!' என்று அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கம்பளி நூலோ, விரிப்பின் பிசிறோ. கார்பன் இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்கும், வண்டியை நிறுத்தியது இந்தக் குப்பைதான். பிளேடால் நாலைந்து இடத்தில் அறுத்து, இடுக்கியால் துண்டு துண்டாக இழுத்து, மேஜைக்கு அடியில் கடைக் குப்பைக்கென்று வைத்திருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டார். அச்சைத் தின்னரால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். ஊதினாலே சக்கரம் சுற்றியது.

டிரான்ஸ்ஃபார்மரின் துணி சுற்றிய வயர் தொட்டால் உதிர்ந்தது. புது வயர் போட்டார். நேராகக் கரண்ட் கொடுக்க அவர் ஒன்றும் அவசரக்குடுக்கை இல்லை. நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்து ஸ்விட்சைப் போட்டார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும். மெல்லச் சிவந்து அடங்கியது. சரி, உயிர் இருக்கிறது. மேஜைமேல் ஒரு முழத் தண்டவாளம் வைத்து இன்ஜினை நிறுத்தி, டிரான்ஸ்ஃபார்மரின் பிடியைத் திருப்பினார். ஒரு உறுமல், ஒரு நீலப்பொறி, அப்புறம் லேசான கருகல் வாசனை. "ரயில் வாசனை வருதுப்பா" என்பாள் மகள். அவர் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை சலூன்காரர் இரண்டு மெஷினோடு வந்தார். "அண்ணே, ரெண்டும் நின்னுபோச்சு. ஆள் தலையில தண்ணியோட உக்காந்திருக்கார்." பளபளா பின்மூடியைத் திறந்து, காற்றாடியில் சுற்றியிருந்த முடியையெல்லாம் பிடுங்கி டப்பாவில் திணித்தார். சலூன்காரர் டப்பாவை எட்டிப் பார்த்து, "ஊர்த் தலை பாதி உங்க டப்பாவுலதான் இருக்கு போல!" என்று சிரித்தார். பளபளாவும் சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார். தின்னர்த் துணியைப் பிழிந்து, அதே டப்பாவில் போட்டு அழுத்தி மூடினார்.

மனைவி படியேறி வரும்போது மேலே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தை, தரையை, பெட்டிகளை எல்லாம் துடைத்து வைத்திருந்தார். அவள் வாசலிலேயே நின்றாள். கைப்பை தோளிலிருந்து நழுவியது. ரயில் வட்டமடித்து அவள் காலருகே வந்து, திரும்பி, கட்டில் பக்கம் போனது.

"ஓடுது பார்" என்றார். "அவகிட்ட சொன்னேன் இல்ல, பார்க்கறேன்னு."

அவள் மெல்ல வந்து உட்கார்ந்தாள். அவர் நினைத்தபடியே உட்கார்ந்தாள். மறுபடி வந்த இன்ஜினை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தாள். சக்கரம் காற்றில் சுற்றி நின்றது. அச்சைப் பார்த்தாள். விரலை விட்டுத் தடவினாள். பின்சக்கரம், முன்சக்கரம், மறுபடி பின்சக்கரம்.

"இதுல இருந்தது எங்கே?"

"எது?"

"இதுல சுத்தியிருந்ததே. கறுப்பா."

"அதுவா? அதாம்மா வண்டியை நிறுத்தினதே. ஏதோ நூல். எடுத்துட்டேன்."

"நூல் இல்லீங்க" என்றாள். "அவ முடி."

அவர் இன்ஜினையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தரையில காதை வெச்சு ரயில் வருதான்னு கேட்டுக்கிட்டு இருந்தா. முடி சக்கரத்துல மாட்டிக்கிச்சு. நான்தான் கத்தரிச்சு விட்டேன். ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம். 'அப்பாகிட்ட சொல்லாதம்மா, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு மெஷின்கிட்ட போனேன்னு திட்டுவார்'னா. சொல்லல." மூச்சு வாங்கினாள். "துணி போச்சு. சீப்புல ஒண்ணு ரெண்டு இருக்கும்னு பார்த்தேன், அதையும் கழுவிட்டீங்க. இது ஒண்ணுதாங்க இருந்தது. இது அழுக்குதானே, உங்க கண்ணுல படாம இருக்கணுமேன்னு தினமும் பயந்துக்கிட்டு இருந்தேன்."

அவள் மடியிலிருந்து இன்ஜின் நழுவித் தண்டவாளத்தின் மேல் விழுந்தது. அவர் எழுந்துவிட்டார். "இருக்கு! டப்பாவுலதான் இருக்கு! குப்பை வண்டி இன்னும் வரல." செருப்புகூடப் போடாமல் படியில் ஓடினார். அவளும் பின்னால் ஓடி வந்தாள்.

டப்பாவைத் தரையில் கொட்டினார். இருவரும் மண்டி போட்டு உட்கார்ந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். சலூன் மெஷினில் எடுத்த முடி, தரை மெஷின் உருளையில் வெட்டிய சுருள்கள், தையல் மோட்டாரின் நூல், யார் யார் வீட்டிலிருந்தோ வந்த கறுப்புப் பிசிறுகள். எல்லாம் தின்னரில் ஊறி, எண்ணெயில் புரண்டு, ஒரே கறுப்பாக ஒட்டிக் கிடந்தன. அவர் ஒரு துண்டை எடுத்து, "இதுவா பார்" என்றார். அவள் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தார். லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். எந்த மோட்டாரிலும் மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிக்கிற மனுஷன், மகளுடைய முடி எது என்று தெரியாமல் கையை விரித்தார்.

"தெரியலம்மா" என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. இத்தனை மாதமும் வராத அழுகை. துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதார்.

அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் திரும்பப் போட ஆரம்பித்தாள். ஒரு பிசிறு விடவில்லை. தரை இடுக்கில் கிடந்ததையும் நகத்தால் கிள்ளி எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"எடுத்துட்டுப் போறேன்."

"அது ஊராளுங்க முடிம்மா."

"இருக்கட்டும். அவளும் அதுல இருக்கா இல்ல?"

மூடியை அழுத்தினாள். மேலே, விழுந்து கிடந்த இன்ஜின் எழுந்து போக முடியாமல் ஒரே இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது கேட்டது. டப்பாவின் வெளியே தின்னரும் கரியும் வழிந்திருந்தன. அவள் புடவையில் ஒட்டிக்கொள்ளப் போகிறதே என்று, அவர் கை தானாகவே மேஜைமேல் இருந்த துணியை எடுத்தது.

அவள் டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"துடைக்காதீங்க" என்றாள்.